பதினேழாம் ஓடு

கடல் இல்லாத மாவட்டத்தில்
கடலுக்கான வேலை.
கிருஷ்ணகிரி அணை, கரையிலிருந்து முந்நூறு மீட்டர்,
நீல டிரம்கள் கட்டிய மிதவைமேல்
நான், குபேந்திரன், ஒரு லேப்டாப்,
பரிசல்காரர் முனியப்பா, அவருடைய பீடி.

ஓசூர் சிப்காட்டில் வார்த்த ரப்பர் ஓடு.
பார்த்தால் வெறும் கறுப்பு மெத்தை.
உள்ளே, வெட்டினால்தான் தெரியும்,
பணியாரக் குழிபோல் வரிசையாய் வெற்றிடம்.
நீர்மூழ்கியின் உடம்பெங்கும் இதை ஒட்டுவார்கள்.
தேடி வருகிற ஓசை
இதற்குள் நுழைந்து குழி குழியாய் நசுங்கி
கொஞ்சம் சூடாகி
அவ்வளவுதான்.
எதிரியின் காதில் தண்ணீர் மட்டும் மிஞ்சவேண்டும்.

பதினாறு ஓடுகள் காட்டிக்கொடுத்துவிட்டன.
ஒன்பதாவது, ஆழத்தில் குழி அமுங்கி
செருப்பு அடியாகத் திரும்பி வந்தது.

இது பதினேழு.
போன்களை அணைத்து டிபன் டப்பாவில் மூடியாயிற்று.
குபேந்திரன் போட்ட விதி.
எனக்கு அதில் ஒரு சங்கடம்:
தம்பி சம்பங்கி பேசி நாற்பத்தொரு நாள்.
எந்தக் கப்பல், எந்தக் கடல், கேட்கக் கூடாது.
அவனுக்கும் என் வேலை தெரியாது.
ரப்பர் கம்பெனி என்று சொல்லியிருக்கிறேன்.
பொய்யில்லை.

திரையில் இருநூற்று எண்பது ஹெர்ட்ஸில்
விடாத ஒரு முனகல்.
நெடுஞ்சாலை லாரியா? இல்லை.
மோட்டார் கொட்டகையா? அதுவும் இல்லை.
முனியப்பா இருமாமல் இருந்து பார்த்தார்.
பரிசலில் கேட்பானைத் தொங்கவிட்டுச் சுற்றினோம்,
கிழக்குக் கரையில் அது அலறியது:
மாங்கூழ் ஆலையின் குளிர் எந்திரம்.

மேலாளர் அன்சர் பாஷா டீ கொடுத்தார்.
"பதினோரு நிமிஷமா? மேடம்,
நாப்பது டன் பெங்களூரா உள்ள கிடக்கு."
நாட்டின் பாதுகாப்பு என்றேன்.
"பழத்துக்கும் வேணுமே" என்றார்.
வாசலில் லாரிகள் சாலைவரை நின்றன,
ஓட்டுநர்கள் தார்ப்பாய் விரித்துத் தூங்கினார்கள்.
அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க
டீ முடியும்வரை முயன்றேன்.

பிறகு, இரண்டு மணி பன்னிரண்டுக்கு,
மின்சார வாரியம் எங்கள் பக்கம் சாய்ந்தது.
கரை மொத்தமும் அணைந்தது.
முனகல் அறுந்தது.
அணை முதன்முறையாக
தன் எடையில் தானே கிடந்தது.

"ஓடு, ஓடு" என்றான் குபேந்திரன்,
எதைச் சொன்னானோ, நான் இரண்டையும் செய்தேன்.
முதல் கயிற்றில் வெறும் இரும்புத் தகடு.
ஓசை போனது,
தரையில் விழுந்த ரூபாய்க் காசுபோல் திரும்பி வந்தது.
இரண்டாம் கயிற்றில் பதினேழு.
போனது.
வரவில்லை.
இன்னொரு முறை.
வரவில்லை.
"கேபிள் கழண்டிருக்கும்" என்று
தலைகீழாய்த் தொங்கிப் பார்த்தான்.
கழலவில்லை.
திரையில் நேர்கோடு,
இத்தனை வருடத்தில் நான் வரைந்ததிலேயே
எதுவுமே இல்லாத படம்.

நான்கு நிமிடம் கூட ஆகவில்லை,
ஆலை ஜெனரேட்டர் உறுமிற்று.
போதும். குறித்துக்கொண்டோம்.
டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை ஊறுகாய் வாசம்.
போன் விழித்து ஒரு குறுஞ்செய்தி காட்டியது:
அணைந்திருந்தபோது வந்த அழைப்பு,
இரண்டு பதினாலு,
விசாகப்பட்டினத்து எண்.

திரும்ப அடித்தேன்.
ஏதோ ஒரு தாழ்வாரத்தில்
யாரும் எடுக்காத மேசைமேல்
முழுக்க மணியடித்து நின்றது.
இன்னொரு முறை.

முனியப்பா துடுப்பை எடுத்தபடி கேட்டார்:
"என்னம்மா, வந்துச்சா?"
எதைக் கேட்கிறார் என்று தெரியாமல்
"இல்ல, வரல" என்றேன்.

"நல்லதுதானே.
வரக்கூடாதுன்னுதானே
இத்தனை நாளா இறக்கினீங்க."

பரிசல் ஒரு சுற்று சுற்றி
கரையைத் தேடிப் பிடித்தது.
காற்றில் மாம்பழ வாசம்,
நனைந்த ரப்பர் வாசம்.